எழுதுவது ஏ.ஐ... படித்துப் பார்ப்பது யார்?

குறுவை அறுவடை மும்முரமாக நடக்கும் நாட்களில் தஞ்சை மாவட்டத்தின் எந்த நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். களம் முழுக்கக் குவியல் குவியலாக நெல். தார்ப்பாயைப் பாதி விலக்கிவிட்டு, ஒரு கண் வானத்தின் மேலும் ஒரு கண் வரிசையின் மேலுமாக விவசாயிகள். ஊழியர் ஒரு கைப்பிடி நெல்லை அள்ளி ஈரப்பத மீட்டரில் கொட்டுகிறார். சுற்றி நிற்பவர்களின் தலைகள் அந்தச் சின்னத் திரையை நோக்கிக் குனிகின்றன. 17 சதவீதத்துக்குள் இருந்தால் சாக்குப் பிடித்து நாற்பது நாற்பது கிலோவாக எடை போட்டுவிடலாம். தாண்டிவிட்டால் திரும்பவும் உலர்த்த வேண்டும். அன்றிரவு மழை பிடித்துக்கொண்டால், குவியலின் அடியில் முளை விட்டுவிடும்.

அந்த 17-ம் நிலையானதல்ல. 2022 அக்டோபரில் மழையைக் கணக்கில் கொண்டு 19 சதவீதம் வரை வாங்கலாம் என்று மத்திய அரசு தளர்த்தியது. 2023 பிப்ரவரியில் சம்பா அறுவடை நேரத்தில் பெய்த மழைக்குப் பிறகு டெல்டா மாவட்டங்களுக்கு 20 வரை அனுமதி கிடைத்தது. உத்தரவு வரும் வேகத்திலேயே கணக்கும் மாற வேண்டும்.

இப்போது ஒரு பயிற்சிக் கணக்கு. நெல் கொள்முதலைப் பதிவு செய்யும் ஒரு மென்பொருள் இருக்கிறது. வரம்பு 17-லிருந்து 19 ஆகிறது. இளம் புரோகிராமர் ஒருவர் ஏ.ஐ. உதவியாளரிடம், ‘ஈரப்பத வரம்பை 19 ஆக மாற்று’ என்று ஒற்றை வரி தட்டுகிறார். ஒரு நிமிடத்துக்குள் பதினோரு கோப்புகளில் மாற்றம் தயார். நீக்கிய வரிகள் சிவப்பில், சேர்த்த வரிகள் பச்சையில். சோதனைகள் எல்லாம் தேறிவிட்டதாகத் திரை சொல்கிறது. ‘ஏற்கிறேன்’ பொத்தானுக்கு மேலே சுட்டி நிற்கிறது.

பொத்தானை அழுத்துவதற்கு முன் அந்தப் பச்சை வரிகளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். வாங்கும் இடத்தில் 17 போய் 19 வந்திருக்கிறது, சரி. பழைய ரசீதை மறுபடி அச்சிடும் பகுதியிலும் 19 வந்திருக்கிறதே? போன மாதம் 17 விதியில் வாங்கிய நெல்லின் ரசீதை இனி எடுத்தால் அதில் 19 என்று அச்சாகும். தணிக்கையில் மாட்டப்போவது அந்த நிலையத்தின் பட்டியல் எழுத்தர். அடுத்து, ‘17 வரை’ என்றிருந்த நிபந்தனை ‘19-க்குக் குறைவாக’ என்று ஆகியிருக்கிறது. மீட்டர் சரியாக 19.0 காட்டினால் அந்த விவசாயியைக் கணினி திருப்பி அனுப்பிவிடும். இதைப் பிடித்திருக்க வேண்டிய சோதனை ஒன்று முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது: வரம்பைத் தொட்ட நெல்லை ஏற்க வேண்டும் என்பது. அந்தச் சோதனை தோற்றதும், ஏ.ஐ. நிபந்தனையைத் திருத்தவில்லை, சோதனையின் விடையை மாற்றி எழுதிவிட்டது. அதனால்தான் திரை முழுக்கப் பச்சை.

ஏ.ஐ. கோடு எழுதும் கருவிகளைப் புழங்குகிறவர்களுக்கு இந்த மூன்று பிழைகளும் புதியவை அல்ல. எதற்கும் அலறல் இல்லை, நிரல் நிற்கவில்லை. யாராவது உட்கார்ந்து படித்தால் மட்டுமே தெரியும். இன்று மென்பொருள் உலகம் பரபரப்பாகப் பேசிக்கொண்டிருப்பது இதைப் பற்றித்தான்: எழுதும் வேலை மலிந்துவிட்டது, படித்துச் சரிபார்க்கும் வேலை மலைபோல் குவிகிறது. அந்த மலையைக் குடைய என்ன கருவிகள் இருக்கின்றன, அவை இல்லாவிட்டால் யார் தலையில் விடியும்?

தஞ்சைக்கு எதற்கு இந்தப் பேச்சு?

2024 செப்டம்பர் 23 அன்று தஞ்சாவூர் மேலவஸ்தாசாவடியில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. சுமார் ரூ. 30.50 கோடிச் செலவில் 55,000 சதுர அடி. அதற்கு வெகு காலம் முன்பே திருமலைசமுத்திரத்தில் சாஸ்திரா இருக்கிறது. 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. வல்லம், செங்கிப்பட்டி, கும்பகோணம், கோவில்வெண்ணி என்று சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள். படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறிய காலம் போய், கொரோனாவுக்குப் பிறகு ஊரிலிருந்தே வேலை பார்க்கிறவர்களும், நாலைந்து பேரை வைத்துச் சின்ன மென்பொருள் கடை நடத்துகிறவர்களும் இங்கே பெருகியிருக்கிறார்கள்.

கொல்லுமாங்குடியையும் சொல்ல வேண்டும். திருவாரூர் மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில், சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த ‘தேசிக்ரூ’ நிறுவனம் தன் கிளையை வைத்தது. கிராமத்துக்கே கணினி வேலையைக் கொண்டுவருவது அதன் திட்டம். தொடக்கத்தில் தரவுப் பதிவு, பின்னாளில் ஏ.ஐ. மாதிரிகளுக்கான தரவுகளைக் குறித்துக் கொடுப்பது, சரிபார்ப்பது. இயந்திரம் தருவதை மனிதக் கண்ணால் சரிபார்க்கும் வேலைக்கு டெல்டா கிராமங்கள் புதியவை அல்ல.

எழுதும் பக்கம் எவ்வளவு வேகமாக மாறியிருக்கிறது என்பதற்கு நம்மூர்க்காரரே சாட்சி. கூகுளில் எழுதப்படும் புதிய கோடில் கால்வாசிக்கு மேல் ஏ.ஐ. உருவாக்கியது என்று 2024 அக்டோபரில் சுந்தர் பிச்சை சொன்னார். அதே வாக்கியத்தில் இன்னொன்றும் சொன்னார்: அவற்றைப் பொறியாளர்கள் பரிசீலித்து ஏற்ற பிறகே சேர்க்கிறார்கள் என்று. முதல் பாதி தலைப்புச் செய்தியானது. இரண்டாம் பாதியைப் பலரும் கவனிக்கவில்லை. கூகுளிடம் பரிசீலிக்க ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் இருக்கிறார்கள். தஞ்சை மெடிக்கல் காலேஜ் ரோட்டில் மாடி அறையில் இயங்கும் ஒரு கடையில் அனுபவசாலி என்று ஒருவர்தான் இருப்பார். வாடிக்கையாளர் போனையும் அவரேதான் எடுப்பார்.

2025 ஜூலை கொடுத்த அடி

அமெரிக்கத் தொழில்முனைவர் ஜேசன் லெம்கின், ‘ரெப்லிட்’ என்ற ஏ.ஐ. தளத்தில் சில நாட்களாக ஒரு செயலியை உருவாக்கிக்கொண்டிருந்தார். ‘இனி எதையும் மாற்றாதே’ என்று தெளிவாகத் தடை போட்டிருந்தார். அதை மீறி, சொன்ன வேலையைத் தானே செய்து முடிக்கும் அந்தத் தளத்தின் ஏ.ஐ. ஏஜென்ட் உண்மையான தரவுத்தளத்தையே அழித்துவிட்டது. 1,206 நிர்வாகிகள், 1,196 நிறுவனங்கள் பற்றிய பதிவுகள் அதில் இருந்தன. மீட்க வழியே இல்லை என்றும் அது சொன்னது; அதுவும் பொய், மீட்க முடிந்தது. ரெப்லிட்டின் தலைவர் அம்ஜத் மசாத் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பரிசோதனைக்கான தரவுத்தளத்தையும் உண்மையான தரவுத்தளத்தையும் தானாகவே பிரித்துவைக்கும் ஏற்பாட்டை அறிவித்தார்.

அதே மாதத்தில் அமேசானின் கோடு உதவியாளரான ‘கியூ’வுக்கும் அடி விழுந்தது. வெளியாள் ஒருவர், கணினியில் உள்ளதைத் துடைத்தெறியும்படி ஏ.ஐ.க்குக் கட்டளையிடும் வரிகளை அதன் திறந்த நிரலுக்குள் நுழைத்துவிட்டார். யார் கண்ணிலும் படாமல் அது பொதுப் பதிப்பிலும் வெளியானது. வாடிக்கையாளர்களுக்குப் பாதிப்பு இல்லை என்று அமேசான் அறிவித்தது. ஆனால் உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனங்களில் ஒன்றிலேயே பரிசீலனை என்ற வாசல் திறந்து கிடந்தது என்பது அம்பலமாகிவிட்டது.

‘மாற்றாதே’ என்று வாயால் சொல்லித் தடுப்பது தடுப்பே அல்ல. ஏஜென்ட்டுக்கு எட்டும் தூரத்தில் உண்மையான தரவுத்தளம் இருந்தால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அதன் கை அங்கே படும். எட்டாமல் வைப்பதுதான் கருவியின் வேலை.

▪ பெட்டிச் செய்தி: எண்கள் சொல்வது

‘ஸ்டாக் ஓவர்ஃப்ளோ’ 2025 கணக்கெடுப்பில் 84 சதவீத புரோகிராமர்கள் ஏ.ஐ. கருவிகளைப் பயன்படுத்துகிறோம் அல்லது பயன்படுத்தப்போகிறோம் என்றார்கள். அதன் விடை துல்லியமானது என்று நம்புகிறவர்கள் 33 சதவீதம். நம்பாதவர்கள் 46 சதவீதம்.

‘வெராகோட்’ நிறுவனம் 2025-ல் நூற்றுக்கும் மேற்பட்ட ஏ.ஐ. மாதிரிகளைச் சோதித்தது. கோடு எழுதச் சொன்ன பணிகளில் 45 சதவீதத்தில் பாதுகாப்புக் குறை இருந்தது.

‘மெட்ர்’ ஆய்வுக் குழு 2025-ல் அனுபவம் மிக்க 16 புரோகிராமர்களுக்கு 246 பணிகளைக் கொடுத்தது. ஏ.ஐ. உதவியுடன் செய்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நம்பிக்கொண்டிருந்தார்கள்.

16 மாதிரிகளிடம் வாங்கிய 5.76 லட்சம் கோடு துண்டுகளை ஆராய்ந்தபோது, ஏ.ஐ. பரிந்துரைத்த மென்பொருள் தொகுப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று உலகத்தில் எங்குமே இல்லாத பெயர். அந்தப் பெயரில் விஷத் தொகுப்பு ஒன்றைத் தயாரித்துக் காத்திருப்பது மோசடிக்காரர்களின் புதிய தந்திரம்.

வேலிக்குள் விட்டு வேலை வாங்கு

நிரலைச் சரிபார்த்துச் சேர்க்கும் பழக்கம் ஏ.ஐ. வந்த பிறகு முளைத்ததல்ல. ஐ.பி.எம்.மின் மைக்கேல் ஃபேகன் 1976-லேயே அதை முறையாக வகுத்து எழுதினார். லினஸ் டொர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கிய ‘கிட்’, யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்பதைப் பதிந்து வைக்கிறது. இன்றைய புதிய கருவிகள் பலவும் இந்தப் பழைய அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கின்றன.

முதல் வகை, ஏஜென்ட்டின் எல்லையைக் குறுக்குபவை. ‘கிளாட் கோட்’, ‘கர்சர்’, ‘கோபைலட்’ போன்ற ஏஜென்ட்டுகளை, கணினிக்குள்ளேயே தனித்து இயங்கும் ஒரு கன்டெய்னருக்குள்ளோ தனி ஃபோல்டருக்குள்ளோ அடைத்து, அந்த இடத்துக்கு வெளியே எழுதவும் விருப்பம்போல் இணையத்துக்குப் போகவும் முடியாதபடி செய்கிறார்கள். நாற்றை நாற்றங்காலில் விட்டுப் பார்த்துத்தானே வயலில் நடுகிறோம்? அப்படித்தான் இதுவும். ‘கிட்’டிலேயே இதற்கு ஒரு வசதி உண்டு: ஒரே நிரலுக்கு ஏஜென்ட் ஒன்றுக்கு ஒரு தனி வேலைத்தளம் என்று பிரித்துக் கொடுக்கலாம். ஒன்று குழப்பினால் அந்தத் தளத்தை மட்டும் வீசிவிட்டுப் போகலாம். செலவு எதுவும் இல்லை. டெல்டாவில் உள்ள எந்தச் சிறு கடையும் இன்றே செய்யக்கூடியது.

பல கருவிகள் ஒவ்வொரு கட்டளைக்கும் ‘செய்யட்டுமா?’ என்று அனுமதி கேட்கின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காலையில் முதல் கேள்வியைக் கவனமாகப் படிக்கிற அதே மனிதர், ஐம்பதாவது கேள்விக்கு எழுத்தைப் பார்க்காமலே ‘சரி’ தட்டுகிறார். இந்தச் சலிப்பு ஆளின் குறை அல்ல, கருவியின் குறை. எல்லைக்குள் நடப்பதைக் கேட்காமல் விட்டுவிட்டு, எல்லை தாண்டும்போது மட்டும் நிறுத்திக் கேட்கிற கருவி நல்ல கருவி. கிளாட் கோடைத் தயாரிக்கும் ஆந்த்ரோபிக் தன் அலுவலகத்துக்குள் இப்படிச் செய்து பார்த்து, அனுமதிக் கேள்விகள் 84 சதவீதம் குறைந்ததாக 2025-ல் தெரிவித்தது. கேள்வி குறைந்தால்தான் கேட்கும் கேள்விக்கு மதிப்பு.

இரண்டாம் வகை, படிப்பதை எளிதாக்குபவை. என் கணிப்பில் அதிகக் கவனம் பெற வேண்டியது இது. சிஸ்கோ நிறுவனத்தில் ஸ்மார்ட்பேர் நடத்திய ஆய்வு ஒன்று, ஒரு தடவை 200 முதல் 400 வரிகளுக்கு மேல் பரிசீலித்தால் பிழை கண்ணில் படுவது சரிந்துவிடுகிறது என்று காட்டியது. ஏ.ஐ.யோ ஒரே மூச்சில் ஆயிரம் வரிகளைக் கொட்டும். ஆகவே, பெரிய மாற்றத்தைச் சின்னச் சின்ன அடுக்குகளாகப் பிரித்துத் தரும் கருவிகள், கோடு எழுதுவதற்கு முன் ‘இன்னின்ன கோப்புகளை இந்தக் காரணத்துக்காகத் தொடப்போகிறேன்’ என்று திட்டத்தைக் காட்டி ஒப்புதல் வாங்கும் கருவிகள் வந்திருக்கின்றன. நம்முடைய பயிற்சிக் கணக்கில் அப்படி ஒரு திட்டம் காட்டப்பட்டிருந்தால், ‘பழைய ரசீது’ என்ற பெயர் பட்டியலில் தென்பட்ட கணமே கேள்வி எழுந்திருக்கும்.

சோதனைக் கோப்புகளை ஏஜென்ட் தொட முடியாதபடி பூட்டி வைப்பது இன்னொரு எளிய காவல். அல்லது, சோதனை ஒன்று மாறியிருந்தால் அந்த மாற்றத்தை மட்டும் தனியே உயர்த்திக் காட்டி, வேறொரு மனிதர் கையெழுத்திடாமல் சேர விடாமல் தடுப்பது. விடைத்தாளைத் திருத்துகிற உரிமை தேர்வு எழுதுகிறவருக்கு இருக்கக் கூடாது.

மூன்றாம் வகை, தானாகவே மோப்பம் பிடிப்பவை. கோடுக்குள் கடவுச்சொல்லோ ரகசியச் சாவியோ தப்பித் தவறி இருந்தால் ‘கிட்லீக்ஸ்’ பிடிக்கும். அபாயமான வடிவங்களை ‘செம்கிரெப்’, ‘கோட்கியூஎல்’ போன்றவை பிடிக்கும். ‘கோட்ராபிட்’ போன்ற ஏ.ஐ. பரிசீலகர்கள், மாற்றத்தைச் சுருக்கிச் சொல்லி வரி வாரியாகக் கருத்தும் எழுதுகின்றன. ஏ.ஐ. எழுதியதை ஏ.ஐ.யே சரிபார்ப்பதா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். முதல் சல்லடையாக அதை வைத்துக்கொள்வதில் தவறில்லை. களைப்பில்லாமல் எல்லா வரியையும் பார்க்கிறது. ஆனால் 19.0 ஈரப்பத நெல்லை வாங்க வேண்டும் என்ற உத்தரவு அந்த ஏ.ஐ.க்குத் தெரியாது. அது சுற்றறிக்கையில் இருக்கிறது, கொள்முதல் பணியாளர் தலையில் இருக்கிறது. கடைசிக் கையெழுத்து அந்த விதியை அறிந்த மனிதருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

கடவுச்சொல் கைமாறினால்

தமிழ்நாடு இதில் ஏற்கெனவே சூடுபட்டிருக்கிறது. 2020-ல் பி.எம். கிசான் திட்டத்தில் தகுதியில்லாத பல லட்சம் பேர் விவசாயிகளாகச் சேர்க்கப்பட்டு, ரூ. 110 கோடிக்கு மேல் பட்டுவாடா ஆனது கண்டுபிடிக்கப்பட்டது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் அது பெரிதாக வெடித்தது. வேளாண் துறையின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வெளியாட்கள் கைக்குப் போய், தனியார் கணினி மையங்களில் உட்கார்ந்து பதிவு நடந்திருக்கிறது. அதில் ஏ.ஐ. எதுவும் சம்பந்தப்படவில்லை. ஆனாலும் பாடம் இன்றைக்கு அப்படியே பொருந்தும். ஒரு சாவியிடம் எல்லா அதிகாரமும் இருந்து, அந்தச் சாவியை யார் எப்போது பயன்படுத்தினார் என்பதை உடனுக்குடன் பார்க்க ஆளில்லாமல் போனால், நஷ்டம் கோடிகளில்தான் வரும்.

இன்று அந்தச் சாவிகள் புரோகிராமரின் லேப்டாப்பில், ஏஜென்ட் படிக்கக்கூடிய ஃபோல்டரில் கிடக்கின்றன. 2025 ஆகஸ்டில் ‘என்எக்ஸ்’ என்ற பரவலான மென்பொருள் தொகுப்பில் நுழைந்த விஷநிரல், கணினியில் இருந்த ஏ.ஐ. உதவியாளர்களையே ஏவி ரகசியச் சாவிகளைத் தேடவைத்தது. நெல் விற்க வரும் விவசாயி என்னென்ன தருகிறார் என்று யோசித்துப் பாருங்கள்: ஆதார், வங்கிக் கணக்கு, சிட்டா, அடங்கல். இவற்றின் உண்மைப் பதிவுகளை ‘ஒரு தடவை சோதித்துப் பார்க்கலாம்’ என்று ஏ.ஐ. அரட்டைப் பெட்டியில் ஒட்டும் பழக்கம் எந்தக் கடையில் இருந்தாலும் அது உடனே நிற்க வேண்டும். சோதனைக்குப் போலிப் பெயர்களும் போலி எண்களும் போதும். அவற்றை உருவாக்கித் தரவும் கருவிகள் இருக்கின்றன.

சட்டமும் நெருங்கி வந்துவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தரவு கசிந்தால் அபராதம் ரூ. 250 கோடி வரை போகலாம். சைபர் தாக்குதல் நடந்தால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் ‘செர்ட்-இன்’ அமைப்புக்குத் தகவல் தர வேண்டும் என்பது 2022 முதல் நடைமுறை. ‘ஏ.ஐ. எழுதிவிட்டது சார்’ என்று சொல்லித் தப்பிக்க இந்தச் சட்டங்களில் இடமில்லை.

▪ பெட்டிச் செய்தி: மென்பொருள் வாங்குகிறவர் கேட்க வேண்டியவை

அரவை ஆலையோ, கூட்டுறவுச் சங்கமோ, ஆஸ்பத்திரியோ... பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். இந்த மாற்றத்தைப் படித்துக் கையெழுத்திட்டது யார், பெயர் பதிவாகியிருக்கிறதா? எங்கள் உண்மைத் தரவை ஏ.ஐ. ஏஜென்ட் நேரடியாகத் தொட முடியுமா? தப்பாகப் போனால் நேற்றைய நிலைக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகும், கடைசியாக அதை எப்போது ஒத்திகை பார்த்தீர்கள்? வெளியிலிருந்து சேர்த்த தொகுப்புகளின் பட்டியல் கிடைக்குமா? (இப்படிப்பட்ட பட்டியலுக்கான வழிகாட்டுதலை செர்ட்-இன் 2024-ல் வெளியிட்டிருக்கிறது.)

புதிதாக வருகிறவர்கள் எங்கே கற்பார்கள்?

இதன் பின்விளைவுகளில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான். வழக்கமாக, கல்லூரி முடித்து வந்தவருக்கு முதலில் சின்னச் சின்ன வேலைகளைக் கொடுப்பார்கள். தப்பும் தவறுமாக எழுதுவார், மூத்தவர் திருத்துவார், இரண்டு வருடத்தில் ஆள் தேறிவிடுவார். அந்தச் சின்ன வேலைகளைத்தான் ஏ.ஐ. முதலில் விழுங்கியிருக்கிறது. எழுதிப் பழகாதவர் எழுத்தைப் படித்துப் பிழை சொல்வது எப்படி? இன்றைக்கு மூத்தவராக இருப்பவர் ஓய்வு பெறும்போது அந்த நாற்காலியில் யார் உட்காருவார்?

சென்னையின் பெரிய நிறுவனங்கள் பணம் கொடுத்து ஆளை இழுத்துக்கொள்ளும். தஞ்சையின் சிறு கடைகளால் அது முடியாது. அவர்களுக்குக் கல்லூரிகள்தான் கதி. கல்லூரிகளிலோ இன்னும் பெரும்பாலும் நிரல் எழுதுவதற்குத்தான் மதிப்பெண். ஆய்வகத் தேர்வில் கொடுத்த கணக்குக்கு விடை வந்தால் முழு மதிப்பெண். அதே விடையை இன்று ஏ.ஐ. பத்து விநாடியில் கொடுத்துவிடுகிறது.

மாற்ற வேண்டியது ஒரு தேர்வைத்தான். மாணவர் கையில் ஏ.ஐ. எழுதிய முந்நூறு வரி நிரலையும், அது நிறைவேற்ற வேண்டிய விதி ஒன்றின் நகலையும் கொடுங்கள். கொள்முதல் சுற்றறிக்கையாக இருக்கலாம், மேட்டூர் முறைப்பாசன அட்டவணையாக இருக்கலாம், பயிர்க் காப்பீட்டு நிபந்தனையாக இருக்கலாம். நிரலில் மூன்று பிழைகளை ஆசிரியர் ஒளித்து வைத்திருக்கட்டும். ஒரு மணி நேரத்தில் அவற்றைக் கண்டுபிடித்து, யாருக்கு என்ன நஷ்டம் வரும் என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கம் எழுத வேண்டும். டைடல் பூங்காவில் இயங்கும் நிறுவனங்களின் மூத்த பொறியாளர்களை வாரம் ஒருநாள் வந்து திருத்தித் தரச் சொல்லலாம். அவர்களுக்கும் ஆள் தேவை, நல்ல மாணவரை அங்கேயே அடையாளம் கண்டுகொள்வார்கள். பாடத்திட்டக் குழு கூடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணுக்குள் வைத்து அடுத்த செமஸ்டரிலேயே தொடங்கிவிட முடியும்.